250 சொற்களில் அம்மா

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இரண்டு வகைக் கட்டுரை எழுத வேண்டும். 'காமன் அப்ளிகேஷன்' என்ற ஒரே படிவத்தின் வழியாக எல்லா இடத்துக்கும் போகும் பொதுக் கட்டுரை ஒன்று. அதற்கு உச்சவரம்பு 650 சொற்கள். அது போக, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகக் கேட்கும் துணைக் கட்டுரைகள். 100 சொல், 150 சொல், 250 சொல். எங்கள் பல்கலைக்கழகத்தை ஏன் தேர்ந்தெடுத்தாய்? வளர்ந்த சூழல் உன்னை எப்படி உருவாக்கியது? வாழ்வில் சந்தித்த சவால் என்ன? வருங்கால அறைத்தோழிக்கு ஒரு கடிதம் எழுது என்று ஸ்டான்ஃபோர்டு கேட்கிறது. சோனிபட்டில் இருக்கும் அசோகா பல்கலைக்கழகம் போல நம் நாட்டுத் தனியார் நிறுவனங்கள் சிலவும் கட்டுரை கேட்கின்றன.

திருமுல்லைவாயலில் என் வீட்டு முன்னறையில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர் எஸ்டேட் பக்கம், பூந்தமல்லியிலிருந்துகூட பஸ் பிடித்துப் பெண்கள் வருகிறார்கள். பெரும்பாலோருக்குப் பொறியியல் கலந்தாய்வுதான் இலக்கு. ஆண்டுக்கு ஒருத்தி, இரண்டு பேர் இந்தத் துணைக் கட்டுரைகளோடு வந்து நிற்பார்கள். ஈரோடு மாவட்டத்து விவசாயி ஒருவரின் மகளுக்கு 2021இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகை கிடைத்ததே, அந்தச் செய்தியை ஒருத்தி கைப்பேசியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

இவர்களுக்கு முதல் தடை ஆங்கிலம் இல்லை, 'நான்' என்ற சொல்தான். பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பன்னிரண்டு வருடம் எழுதியிருக்கிறார்கள். நூலகத்தின் பயன், சுற்றுச்சூழல் தூய்மை, நாட்டுப்பற்று. அந்தக் கட்டுரைகளில் எழுதுகிறவள் எங்குமே இல்லை. இங்கே வந்து 'நான்' என்று எழுதச் சொன்னால் கூசுகிறது, 'நாங்கள்' என்றே எழுதுகிறார்கள். காமன் அப்ளிகேஷனில் பள்ளிக்கு வெளியே செய்பவற்றைப் பட்டியலிட 10 இடம் உண்டு. குடும்பப் பொறுப்புகள் என்று ஒரு பிரிவும் அதில் இருக்கிறது. தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, அம்மாவின் சுய உதவிக் குழுக் கணக்கை எழுதுவது எல்லாம் அதில் வரும் என்று சொன்னேன். "அது வேலை மிஸ், ஆக்டிவிட்டி இல்லையே" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

இந்தக் கட்டுரை வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பெருமைப்பட ஏதும் இல்லை. 1920களில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற இடங்களில் தேர்வு மதிப்பெண்ணால் யூத மாணவர்கள் அதிகம் நுழைந்தார்கள். அவர்களைக் குறைப்பதற்காகவே 'குணநலன்', 'ஆளுமை' என்ற அளவுகோல்கள் சேர்க்கப்பட்டன. விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி எழுதுவதும் நேர்காணலும் புகைப்படமும் அந்தக் காலத்தில் வேரூன்றியவை. அந்த ஆளுமைக்கு மாதிரி, பந்து விளையாடும் நல்ல குடும்பத்து ஆண்பிள்ளை. யேலும் பிரின்ஸ்டனும் இளங்கலையில் பெண்களைச் சேர்த்ததே 1969இல்தான். இன்று அதே படிவம் ஆவடிப் பெண்ணிடம் 'உன் தலைமைப் பண்புக்கு ஓர் உதாரணம்' கேட்கிறது.

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தச் சொன்னது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று ஒரு மாணவர் கட்டுரையில் எழுதினால், அதைத் தனிமனிதரின் அனுபவமாகக் கருதத் தடையில்லை என்றும் சொன்னது. அதாவது, ஒரு சமூகத்துக்கு உரிய ஏற்பாடாக இருந்தது தனியொருத்தி சொல்லும் கதையாக மாறிவிட்டது.

நம் ஊர்ச் சாதிச் சான்றிதழோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஒரு தாள். தாசில்தார் அலுவலகத்தில் கால் கடுக்க நிற்க வேண்டியிருக்கலாம். ஆனால் 'உன்னை எப்படி அவமானப்படுத்தினார்கள், 250 சொல்லில் உருக்கமாக எழுது' என்று அது கேட்பதில்லை. 69 சதவீத இட ஒதுக்கீடும் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் ஒரு பெண்ணின் கண்ணீரைச் சோதித்துப் பார்ப்பதில்லை. கேட்காமலே தருவதில் ஒரு மரியாதை இருக்கிறது. மதிப்பெண் பட்டியலுக்கு, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டுப் படித்தவள் யாரென்று தெரியாது என்பதும் உண்மைதான். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கட்டுரை என்கிறார்கள். ஆனால் சமைத்தவள் அதை நன்றாகவும் எழுதத் தெரிந்தவளாக இருக்க வேண்டும், இல்லையா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வந்த ஒரு மாணவியின் அம்மா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். அப்பாவுக்குக் குடி. 'சவால்' என்ற கேள்விக்கு அவள் முதலில் எழுதியது, ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வராமல் தவித்ததைப் பற்றி. நன்றாகவே இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் ஓரிடத்தில் அதைப் படித்துவிட்டு, "இது எல்லாருக்கும் இருக்கிறது, அப்பாவை முதல் வரியில் கொண்டு வா" என்றார்களாம். கொண்டு வந்தாள். அப்பா அடித்த இரவு, அம்மா அழுதது, அம்மாவின் தையல் மிஷின், 'படிக்காத என் தாய்'. திருத்தச் சொல்லி என்னிடம் நீட்டினாள். வாக்கியங்களில் பிழை குறைவு.

அந்த இரவு யாருடையது? அடி வாங்கியது அம்மா, பார்த்தது மகள். பார்த்ததும் ஒரு வாழ்க்கைதான், அதை எழுத மகளுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் நடப்பதை வெளியே பேசாதே என்று சொல்லிச் சொல்லித்தானே நம்மை இவ்வளவு காலம் வாயடைத்தார்கள். சொந்த வாழ்க்கையும் அரசியலே என்ற முழக்கத்தைத் தலைப்பாகக் கொண்ட கரோல் ஹானிஷின் கட்டுரை 1970இல் வெளிவந்தது. அது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்ட கூட்டங்களைப் பற்றியது. அங்கே ஒருத்தி சொன்னால் அடுத்தவளும் சொல்வாள். சேர்க்கை அலுவலகத்தில் ஒருத்தி மட்டும் சொல்கிறாள். எதிரில் இருப்பவர் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், படித்துவிட்டு எடை போடுகிறார்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது, தங்கள் கதையை ஊருக்குச் சொல்லிவிட்டாள் என்று சொந்த ஊராரே கோபப்பட்டார்கள். சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகுதான் அந்தப் புத்தகம் தங்களுக்காகப் பேசுவது அவர்களுக்குப் புரிந்தது. அவர்களால் கோபப்படவாவது முடிந்தது, ஏனென்றால் அது தமிழில் இருந்தது. இந்தப் பெண்ணின் கட்டுரையோ அம்மாவுக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்டு, அம்மா பார்க்க முடியாத இணையப் பக்கத்தில் ஏற்றப்படுகிறது.

ஆகவே ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டிவிட்டு அனுப்பு. "ஒரு பாரா விட்டுட்டுப் படிக்கவா மிஸ்?" என்று கேட்டாள். விடக்கூடாது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் வந்தார். என் எதிரிலேயே படித்துக் காட்டினாள். குடியும் அடியும் வந்த இடத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அசையவில்லை. "அது தெருவுக்கே தெரியும், எழுதிட்டுப் போ" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "படிக்காதவன்னு ஏன்டி எழுதினே? நான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். எட்டாவதுல கிளாஸ்ல ரெண்டாவது ரேங்க்" என்றார். என்னிடம் திரும்பி, "டீச்சர், அதை மட்டும் மாத்தச் சொல்லுங்க" என்றார்.

மகளுக்கு இது தெரியும். அம்மாவின் மாற்றுச் சான்றிதழை அவளே பார்த்திருக்கிறாள். 'எட்டாவது' என்று எழுதினால் உருக்கம் குறைந்துவிடும் என்று ஆலோசனை சொன்ன இடத்தில் பயப்படுத்தியிருந்தார்கள். அவள் பொய் சொல்ல நினைக்கவில்லை. கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் எப்படிப்பட்ட தாயை எதிர்பார்ப்பார் என்று யூகித்து, தன் தாயைக் கொஞ்சம் குறைத்துவிட்டாள். அடி வாங்கியதைச் சொல்வதில் அந்தப் பெண்மணிக்கு அவமானம் இல்லை, அது அடித்தவரின் அவமானம். தான் படித்த எட்டு வருடத்தை யாரோ அழித்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மாற்றினாள். எட்டாம் வகுப்பு, இரண்டாவது ரேங்க், அதன் பிறகு ஏன் நிறுத்தினார்கள் என்ற ஒரு வரி. அதற்கு இடம் வேண்டும் என்பதற்காக அழுத இடத்தை எடுத்துவிட்டாள். 247 சொல் வந்தது. ஜனவரி 1 கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட்டாள்.

அப்பாவிடம் யாரும் படித்துக் காட்டவில்லை. காட்ட வேண்டுமா என்று அவள் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அம்மாவுக்கு ஒரு நியாயம், அப்பாவுக்கு வேறு நியாயமா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். அடித்தவரிடம் அனுமதி கேட்கும் வழக்கம் எந்த நியாயத்தில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். அவளுக்கு அது போதவில்லை. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.