இரு அணியும் வேண்டினால்

2002-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் கல்லூரிப் பெண்களுக்கான தேசியக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் நடைபெற்றது. அன்று களம் கண்ட இரண்டு அணிகளும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை. ஒன்று, திருச்சிலுவைச் சபையாரின் போர்ட்லாந்துப் பல்கலைக்கழகம். ஒரிகன் மாநிலத்தில் வில்லமெட் ஆற்றை நோக்கிய மேட்டில் அமைந்தது. மற்றொன்று, இயேசு சபையார் 1851-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சாந்தா கிளாரா பல்கலைக்கழகம். முந்திய ஆண்டின் வாகையர். டிசம்பர் 8 அமல உற்பவ அன்னையின் திருநாள். அவ்வாண்டு அது திருவருகைக் காலத்து ஞாயிறாக அமைந்ததால், வழிபாட்டு முறைப்படி விழா மறுநாளுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் தாயிடம் கையேந்துவோர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டா வேண்டுகிறார்கள்! இரு அணியிலும் செபித்துவிட்டுக் களம் இறங்கியவர்கள் இருந்திருப்பார்கள் என்று நாம் கொள்வதில் தவறிராது.

குறித்த 90 நிமிடங்கள் முடிந்தபோது இரு அணிகளும் ஆளுக்கொரு கோல் அடித்துச் சமநிலையில் நின்றன. அன்றைய விதிப்படி கூடுதல் நேரத்தில் எவர் முதலில் கோல் அடித்தாலும் அந்தக் கணமே ஆட்டம் முடிந்துவிடும். எதிரணிக்கு மறுவாய்ப்பு இல்லை. முதற்கூடுதல் நேரம் பயனின்றிக் கழிந்தது. இரண்டாவதில், கனடாவின் பர்னபி நகரிலிருந்து வந்த 19 வயது மாணவி கிறிஸ்டின் சின்கிளேர் பந்தை வலைக்குள் சேர்த்தார். போர்ட்லாந்தின் முதல் கோலை அடித்தவரும் அவரே. 2-1. அப்பல்கலைக்கழகம் எந்த விளையாட்டிலும் பெற்ற முதல் தேசியப் பட்டம் அது.

இவ்வெற்றியை ஒரு திருக்கதையாக மாற்றுவதற்குத் தேவையான அனைத்தும் அங்கே இருந்தன. அணியின் பயிற்சியாளர் கிளைவ் சார்ல்ஸ் இலண்டனில் பிறந்தவர். வெஸ்ட் ஹாம் அணியில் தற்காப்பு ஆட்டக்காரராக விளையாடியவர். 1986-இல் போர்ட்லாந்தின் ஆடவர் அணிக்கும், 1989-இல் பெண்கள் அணிக்கும் பொறுப்பேற்றார். 2000-ஆம் ஆண்டில் அவருக்கு புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அதே ஆண்டில் சிட்னி ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆடவர் அணியை நான்காம் இடம்வரை அழைத்துச் சென்றார். திரும்பி வந்து கல்லூரிப் பணியைத் தொடர்ந்தார். நோயுற்ற ஆசானுக்குத் தம் மாணவியர் பெற்றுத் தந்த கிண்ணம்! இதைக் கேட்ட எவருக்கும், "ஆண்டவர் செபத்தைக் கேட்டருளினார்" என்ற சொல் தானாகவே நாவில் வந்துவிடும். மறையுரை மேடையில் நிற்கும் நமக்கோ அது இன்னும் விரைவாக வந்துவிடும். மறையுரையாளருக்கு இத்தகைய நிகழ்ச்சிகள் கிடைத்தால் விடுவதில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் இங்கே ஒரு வினா குறுக்கே நிற்கிறது. சாந்தா கிளாராவின் பெண்கள் செய்த செபம் எங்கே போயிற்று? புனித கிளாரம்மாளின் பெயர் தாங்கிய ஓர் இல்லத்தின் பிள்ளைகள் அவர்கள். தந்தையின் மேசையில் அவர்களுக்கு மட்டும் பங்கு குறைந்ததா?

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டும் உண்டு. 1995-ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் இதே போர்ட்லாந்து, நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடியது. நோட்ரே டேமும் திருச்சிலுவைச் சபையார் நிறுவியதே. ஒரே சபை, ஒரே நிறுவனரின் பிள்ளைகள். அன்று மூன்றாம் கூடுதல் நேரத்தில் ஒற்றைக் கோலால் போர்ட்லாந்து தோற்றது. இரண்டு வளாகங்களிலும் ஒரே சபைக் குருக்கள் திருப்பலி ஒப்புக்கொடுத்திருக்கையில் விண்ணகம் எவர் பக்கம் சாய்ந்தது என்று கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் வேடிக்கையான இடத்தில் விடை தடுமாறும் நம்பிக்கை, மருத்துவமனைக் கட்டிலருகே எப்படி நிலைத்து நிற்கும்?

புனித அக்குவினா தோமையார் செபத்தைப் பற்றி எழுதும்போது, இறைவனின் திருவுளத்தை மாற்றுவதற்காக நாம் வேண்டுவதில்லை, செபத்தின் வழியாகவே நிறைவேற வேண்டும் என அவர் வகுத்திருப்பவற்றைப் பெறவே வேண்டுகிறோம் என்கிறார். குருமடத்தில் இதைப் படித்தபோது தேர்வுக்குரிய விடையாக மட்டுமே நமக்குப் பட்டது. இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டிய வேறொன்றையும் அவர் சொல்லியிருக்கிறார். இறைவன் படைப்புப் பொருள்களுக்கு உண்மையான காரணங்களாக இருக்கும் மாண்பைத் தந்திருக்கிறார் என்பதே அது. பந்தை வலைக்குள் செலுத்தியது சின்கிளேரின் கால். அந்தக் காலைப் பழக்கியது எத்தனையோ நாள் பயிற்சி. அப்பயிற்சியைத் தந்தவர் ஒரு மனிதர்.

அதற்கும் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1972-இல் அமெரிக்கா இயற்றிய கல்வித் திருத்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் கல்வித் திட்டங்களில் பால் அடிப்படையிலான வேற்றுமை கூடாது என்றது. அதன் பிறகே பெண்களுக்கான அணிகள் கல்லூரிகளில் பெருகின. பெண்கள் கால்பந்துக்கான முதல் தேசியப் போட்டி 1982-இல் நடந்தது. பங்கேற்றவை 12 அணிகள். முதல் 19 ஆண்டுகளில் 16 பட்டங்களை வட கரோலினாப் பல்கலைக்கழகமே எடுத்துக்கொண்டது. அது அரசுப் பல்கலைக்கழகம். செபம்தான் பட்டம் தரும் என்றால் இக்கணக்கை எப்படி விளக்குவது! நீதிக்காகச் சட்டம் செய்தவர்களையும், விடியலில் ஓடிப் பழகிய பிள்ளைகளையும் மறந்துவிட்டு, எல்லாப் புகழையும் ஒரு வியப்புக்குரிய தலையீட்டுக்கு ஒப்படைப்பது பக்திபோல் தோன்றினும், கடவுள் தம் பிள்ளைகளுக்கு அளித்த மாண்பைப் பறிப்பதாகவே முடியும்.

அப்படியானால் வெற்றிக்காகச் செபிப்பது தவறா? இங்கே நாம் கண்டிப்பாக இருக்க விரும்பவில்லை. விளையாட்டை வீண்பொழுது என்று தள்ளிய ஆசிரியர்கள் திருச்சபையில் இருந்திருக்கிறார்கள். தோமையாரோ அளவோடு விளையாடுவதை நற்பண்பின் பட்டியலில் வைத்தார். திருத்தூதர் பவுல், இஸ்த்மிய விளையாட்டுகளைக் கண்டு பழகிய கொரிந்தியருக்கு எழுதும்போது, ஓட்டத்தையும் வாடிப்போகும் இலை முடியையும் தயங்காமல் உவமையாக்கினார். புனித அகுஸ்தினார் தம் சிறுவயது விளையாட்டுகளை நினைவுகூர்ந்தபோது, முதன்மைக்கு ஆசைப்பட்டு ஏமாற்றியாவது வென்றதைத்தான் பாவமாக அறிக்கையிட்டார். ஆக, வெல்ல விரும்புவது மனிதருக்கு இயல்பு. விரும்பியதைத் தந்தையிடம் சொல்லாமல் மறைக்கும் பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை? கெத்சமனியில் இறைமகனே தாம் விரும்பியதை முதலில் சொன்னார். அதன் பிறகே பணிந்தார். துன்பக் கிண்ணம் அகலவில்லை.

அந்தக் கிண்ணத்தை நினைக்கும்போதுதான் ஆஸ்டின் நகரத்துக் கதை நமக்குக் கடினமாகிறது. கிளைவ் சார்ல்ஸ் பட்டம் பெற்ற ஒன்பது மாதம் நிறைவதற்குள், 2003 ஆகஸ்ட் 26-ஆம் நாள், 51-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய நலத்துக்காக வேண்டியவர்கள் வெற்றிக்காக வேண்டியவர்களைவிடக் குறைவாகவா இருந்திருப்பார்கள்? டிசம்பரில் விழுந்த கோலை இறைவனின் விடை என்று எண்ணுவோமானால், ஆகஸ்டில் வந்த சாவை என்னவென்று சொல்வது? ஒன்றைக் கணக்கில் எழுதி மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது. சிறிய விண்ணப்பத்தைக் கேட்டுவிட்டுப் பெரிய விண்ணப்பத்தைத் தள்ளும் ஒரு தந்தையை நாமே படைத்துவிட்டு, பிறகு அவருக்காக வழக்காட நேரிடும். பிள்ளையை இழந்த ஒரு தாய், பக்கத்துக் கட்டிலில் பிழைத்த பிள்ளையைச் சுட்டி, "அவர்கள் செபம் மட்டும் எப்படி ஏறிற்று, சாமி?" என்று நம்மைக் கேட்டதுண்டு. அன்று நாம் விடை கூறவில்லை. அருகே அமர்ந்திருந்தோம்.

எனவே அந்தக் கோலை அற்புதம் என்று அழைக்க நமக்குத் துணிவில்லை. அதைக் கொடை என்று அழைக்கத் தடையும் இல்லை. 13 ஆண்டுகள் பெண்கள் அணியை வளர்த்த ஒருவருக்கு, அவர் வளர்த்தவர்கள் தம் உழைப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒன்று அது. அது அவரைக் குணப்படுத்தவில்லை; ஒரு நாளேனும் கூட்டிக் கொடுத்ததா என்பதும் எவருக்கும் தெரியாது. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிருந்தால், அந்தப் பெண்களின் அன்பு கொடுக்கப்படாமல் நின்றுபோயிருக்குமா? இல்லை என்றே நாம் சொல்வோம். ஆனால் கிண்ணத்தோடு கொடுப்பதும் கிண்ணமின்றிக் கொடுப்பதும் ஒன்றே என்று சொல்லவும் மனம் வரவில்லை. மகிழ்ச்சி அருளுக்குப் புறம்பானதன்று. சாகப்போகும் மனிதர் ஒரு மாலைப்பொழுது மகிழ்ந்திருந்தார் என்பதைச் சிறிய செய்தியாக நாம் கருதவில்லை.

2005-இல் போர்ட்லாந்து மீண்டும் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. இம்முறை 4-0 என்று வென்றது. சின்கிளேர் இரண்டு கோல் அடித்தார், அந்தப் பருவத்தில் மொத்தம் 39. பின்னாளில் தம் நாட்டுக்காக 190 கோல் அடித்து, உலகில் ஆணும் பெண்ணும் எட்டாத எண்ணிக்கையோடு 2023-இல் பன்னாட்டு ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். கூடுதல் நேரம் தேவைப்படாத அந்த 2005 வெற்றியை விண்ணகத்தோடு இணைத்துப் பேசுவோர் குறைவு. அதே கால்கள், அதே உழைப்பு. களத்தின் ஓரத்தில் அவர் மட்டும் இல்லை.