பெற்றோரைப் பேணும் செலவு எந்தக் கணக்கில்?

 

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வியாபாரம் செய்யும் நம்மில் சிலர், மறதி நோய் கண்ட அத்தாவையோ அம்மாவையோ வீட்டில் விட்டுக் கடைக்கு வருகிறோம். 2018ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 1,000 பேருக்கு ஏறத்தாழ 85 பேரிடம் இந்நோயின் அறிகுறி காணப்பட்டது. அறிந்தவையெல்லாம் அறியாமற்போகும் தள்ளாத முதுமையைச் சூரத்துன் நஹ்லின் 70ஆம் வசனம் என்றோ உணர்த்தியிருக்கிறது.

இரவு பகலாக அவர்களுக்குக் காவலிருப்பவர் யார்? நம் மனைவியர், சகோதரியர். கடைச் சிப்பந்திக்குச் சம்பளம் எழுதும் நம் பேரேட்டில், அவர்கள் உழைப்புக்கு ஒரு வரியேனும் உண்டா?

துணைக்கு ஆள் வைப்பது கடமையைத் தட்டிக் கழிப்பதாகாது. இரவெல்லாம் விழித்தவர் பகலில் நான்கு மணி நேரம் கண்ணயர அதுவே வழி. எவ்வளவு கொடுப்பது? கடைச் சிப்பந்திக்குக் கொடுப்பதிலும் குறைக்காதீர்கள். வியர்வை உலருமுன் கொடுத்துவிடுங்கள்.

வறிய பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகள் மீது கடமை. அச்செலவை ஜகாத்தில் எழுத ஷாபிஈ மத்ஹபில் இடமில்லை. ஆகவே, உடன்பிறந்தோர் ஒன்றுகூடி, அவரவர் வசதிக்கேற்ப மாதப் பங்கை இன்றே முடிவு செய்யுங்கள்.

அல்லாஹ் நம் தொழிலில் பரக்கத்தும் நெஞ்சில் பொறுமையும் அருள்வானாக! ஆமீன்.