வலிப்பு நோயும் வாய்மையும்

தமக்குள்ள வலிப்பு நோயைத் திருமணப் பேச்சின்போது மறைப்பவர் பொய்யுரைத்தவர் ஆவாரா? வாய்மை தனிமனிதரின் கடமை மட்டுந்தானா என்னும் பெரியதொரு வினாவும் இதனுள் அடங்கியுள்ளது.

முதற்கண் நோயின் இயல்பை நோக்குவோம். மூளையின் நரம்புக் கலங்கள் மின்சைகைகளாலும் வேதிச்சைகைகளாலும் தம்முள் தொடர்புகொள்கின்றன. பெருந்தொகையான கலங்கள் ஒருங்கே கட்டுமீறிச் சைகை எழுப்பும்போது வலிப்பு நேர்கின்றது. சிலர் நிலத்தில் வீழ்ந்து துடிப்பர். வேறு சிலர் சில கணங்கள் வெறித்து நோக்கியவாறு இருப்பர். இந்நோய் ஏனைய நோய்களைவிடத் தெய்வீகமானதன்று எனக் கி.மு. 400 அளவில் எழுந்த கிரேக்க மருத்துவ நூலொன்றே வாதிட்டது. இன்று உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்றும், தக்க சிகிச்சை கிடைப்பின் அவர்களுள் 70 சதவீதத்தினர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

அறிவு வளர்ந்த அளவுக்கு மனப்பாங்கு வளர்ந்திலது. வீழ்ந்தவரின் கையில் இரும்புத் திறப்பைத் திணிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. சட்டமும் இதற்கு விலக்கன்று. இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்திற்கு 1976இல் செய்யப்பட்ட திருத்தம், மீண்டும் மீண்டும் வலிப்புக்கு ஆளாதலைத் திருமணத்துக்கான தகுதியீனங்களுள் ஒன்றாக்கிற்று. 1999இலேயே அது நீக்கப்பட்டது.

இனி அறவினாவுக்கு வருவோம். வாழ்வைப் பகிரவிருப்பவருக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு. மறைத்து உண்ணும் மருந்து தவறவிடப்படும். திடீரென நிறுத்தப்படின் உயிருக்கு ஆபத்தான நீடித்த வலிப்பு நேரலாம். சில மருந்துகள் கருவிலுள்ள சிசுவைப் பாதிக்குமாதலால், வைத்திய ஆலோசனை முன்கூட்டியே வேண்டப்படுகின்றது. வாய்மையின் அளவுகோலைப் பிறர்க்குத் தீங்கு நேராமையிற் காணும் குறள்நெறியின்படியும், வாழ்க்கைத் துணையிடம் இதனை மறைத்தல் குற்றமே. அச்சம் அதற்கு விளக்கமாகலாம், நியாயமாகாது.

ஆயின் அக்குற்றம் ஒருவருடையது மட்டுமன்று. உண்மை கூறியவரின் திருமணம் குழம்புகின்றது. உடன்பிறந்தாளின் சம்பந்தமும் தட்டிப்போகின்றது. உண்மைக்குத் தண்டனை விதிக்கும் சமூகம், உண்மை கூறவில்லையெனக் கண்டிக்கும்போது தன் பங்கை மறந்துவிடுகின்றது. அயலாருக்கோ தொடர்பில்லாதோருக்கோ இந்நோயை அறிவிக்கும் கடமை எவருக்கும் இல்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆகவே வாய்மையை எதிர்பார்ப்போர் அதனைக் கூறத்தக்க சூழலையும் ஆக்குதல் வேண்டும். அது நம் விடுதி அறைகளிலும் விரிவுரை மண்டபங்களிலும் தொடங்கலாம். வலிப்பு வந்தவரின் அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுவோம். தலைக்கு மென்மையான அணை வைப்போம். அவரை இறுகப் பிடியாது, வாயில் எதனையும் இடாது, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துக் கிடத்துவோம். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடிப்பின் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வோம். அவர் தெளிந்து எழும்போது, சூழ நின்று வேடிக்கை பார்ப்போரை விலக்கி, அறிந்த ஒருவர் அருகில் அமர்ந்திருப்பாராயின், அடுத்த முறை தம் நோயைத் தாமே கூறும் துணிவு அவருக்குப் பிறத்தல் கூடும்.