அம்பலம் ஏறிய குறை

உண்மையைச் சொல்வதற்கும் இடம் பார்க்க வேண்டுமா? வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் என்ற கூடைப்பந்துக் குழுவின் தூணாக விளங்கியவர் கோபி பிரயன்ட். 2007-ஆம் ஆண்டில் அவர் பொறுமை இழந்தார். தம்மை வேறு குழுவுக்கு மாற்றிவிடும்படி வானொலியிலேயே கேட்டார். போதாக்குறைக்கு, ஆண்ட்ரூ பைனம் என்ற பத்தொன்பது வயது இளைஞரைக் கொடுத்துவிட்டு அனுபவசாலி ஒருவரை வாங்கியிருக்க வேண்டும் என்று அவர் ஏளனமாகப் பேசியது படமாகி ஊரெங்கும் பரவியது.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2008-இல் பாவ் கசோல் வந்து சேர்ந்த பிறகே குழு நிமிர்ந்தது. 2009-லும் 2010-லும் வாகை சூடியது. அந்த இரு வெற்றிகளிலும் பைனமும் களத்தில் நின்றார்!

'அன்று கூச்சல் போட்டதனால்தானே நிர்வாகம் விழித்துக்கொண்டது?' என்பார்கள். இருக்கலாம். நிர்வாகத்தை எழுப்புவதற்கு ஓர் இளைஞனின் தலையில்தானா குட்ட வேண்டும்?

தனியே அழைத்துச் சொன்னால் அறிவுரை. ஊரறியச் சொன்னால் அவமானம். குறையை மட்டும் சொல்லிவிட்டுப் போக ரசிகனுக்கு உரிமை உண்டு. அவனுக்கு ஆட்டத்தில் பங்கில்லை. 'நாம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'அவர்கள்' என்று சொல்லும் தலைவன், அந்தக் கணமே களத்தை விட்டு இறங்கி ரசிகர் கூட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறான்.