தேதி தெரிந்தவன் விற்கலாமா?

கடைக்குச் சாமான் ஏற்றி வரும் என்னுடைய பழைய டீசல் வேனை விற்றுவிடுவது என்று சில மாதங்களுக்கு முன் தீர்மானித்தேன். வண்டிக்கு வயது பதினாறு. டுரியான் துங்கல் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இப்போது காலைச் சந்தைகளில் காய்கறி விற்கும் ஒரு தம்பி வாங்க வந்தார். ஒன்பதாயிரம் வெள்ளி என்றேன். சுற்றிப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், எண்ணெய் ஒழுகுகிறதா என்று அடியில் குனிந்து பார்த்தார். "பாய், வண்டியிலே குறை ஏதும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார். கிளட்ச் தேய்ந்திருப்பதைச் சொன்னேன். இன்னொன்று என் நாவின் நுனியில் நின்றது. அதைச் சொல்வது கடமையா, வீண் வேலையா என்று விளங்காமல், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

அந்த இன்னொன்று யாதெனில், பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு உலகத்துச் சர்க்கார்கள் பல தவணை குறித்து வரும் செய்திதான். அண்டையில் உள்ள சிங்கப்பூர், 2040-க்குள் எல்லா வண்டிகளும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும் என்று 2020-இல் அறிவித்தது. 2025 ஜனவரி 1 முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. நம் நாட்டில் இன்ன தேதியோடு முடிந்தது என்று யாரும் நாள் குறிக்கவில்லை. ஆனால் 2023-இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம், 2050-க்குள் மின்சார வண்டிகளின் பங்கை நூற்றுக்கு எண்பதாக்கும் இலக்கைச் சொல்கிறது. இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், புக்கிட் பெருவாங்கில் இருக்கும் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் கடைக்கு வரும்போது வாயாரப் பேசிவிட்டுப் போவார்கள். நான் படித்தது மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான். காது மட்டும் நன்றாக இருக்கிறது.

மதரஸாவில் உஸ்தாது நடத்திய பாடம் ஒன்று நினைவில் உண்டு. விற்கும் பொருளில் கண்ணுக்குத் தெரியாத ஐபு இருந்து, விற்பவன் அதை அறிந்திருந்தால் சொல்லியாக வேண்டும். மறைத்து விற்றால் வாங்கியவனுக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. அன்று உதாரணத்துக்கு வந்தது நொண்டி ஆடும் நனைந்த தானியமும். இங்கேயோ ஐபு வண்டியில் இல்லை. எங்கோ ஒரு காரியாலயத்துக் காகிதத்தில் இருக்கிறது; அதுவும் இன்னும் எழுதி முடியாத காகிதம். இதையும் ஐபு என்று சொல்லலாமா?

வியாபார நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "பத்திரிகையில் வந்த விஷயம், ஊரறிந்தது. ஊரறிந்ததை மறைத்தான் என்று எவன் சொல்வான்?" என்றார். யோசித்துப் பார்த்தால், ஊரறிந்தது என்ற இந்தச் சொல் எப்போதும் அறிந்தவனுக்கே சாதகமாக இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து காய்கறி ஏற்றப் போகிறவர் எந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்?

நண்பர் சொன்ன மற்றொரு நியாயம் கொஞ்சம் கனமானது. சர்க்கார் சொல்லும் தேதியை நம்பவே முடியாதே என்றார். மெய்தான். பிரிட்டனைப் பாருங்கள். புதிய பெட்ரோல், டீசல் கார்களின் விற்பனை 2040-இல் முடியும் என்று 2017-இல் சொன்னார்கள். 2020-இன் தொடக்கத்தில் 2035 என்றார்கள். அதே வருடக் கடைசியில் 2030 என்றார்கள். 2023-இல் மறுபடியும் 2035. அடுத்து வந்த சர்க்கார் திரும்பவும் 2030 என்றது. கடைத்தெருவில் ஒருவன் இப்படித் தவணை மாற்றினால் அவனுக்கு ஒரு மூட்டை அரிசி கடன் கொடுப்பார் உண்டா? டில்லியில் பத்து வருடம் கடந்த டீசல் வண்டிக்கும் பதினைந்து கடந்த பெட்ரோல் வண்டிக்கும் 2025 ஜூலை 1 முதல் எண்ணெய் ஊற்றக் கூடாது என்றார்கள். சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் பயந்துபோய் வந்த விலைக்கு வண்டியை விற்றவர்கள் உண்டென்று பத்திரிகைகள் எழுதின. தேதியை நம்பினவனுக்கு நஷ்டம், நம்பாதவனுக்கு லாபம் என்றால், அதைவிடக் கெட்ட பாடம் ஒரு நாட்டுக்கு வேறில்லை.

தவணையை நீட்டுவது இரக்கம் அல்லவா என்று கேட்பீர்கள். கஷ்டப்படும் கடன்காரனுக்கு அவகாசம் கொடுப்பது நமக்கு விதிக்கப்பட்ட நல்ல காரியம்தான். ஆனால் அவகாசம் கொடுக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்படியானால் இந்தக் கணக்கில் கடன் கொடுத்தவர் யார்? என் வேனுக்குப் பின்னால் நின்று பெட்டி இறக்கும் பையன். சாலையோரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அவர்களைக் கேட்காமல் அவர்கள் பொருளில் தாராளம் காட்டுவதை இரக்கம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அவகாசமே தராததும் நியாயமன்று. 2024 ஜூன் 9 அன்று அறிவித்து, மறுநாள் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போனதை நாம் எல்லாரும் பார்த்தோம். மானியம் குறையும் என்ற பேச்சு முன்பே இருந்தது. நாள் மட்டும் சொல்லப்படவில்லை. சில வகை லாரிகளுக்குச் சலுகை அட்டையும், தகுதியுள்ள தனியாருக்கு மாதம் 200 வெள்ளியும் கிடைத்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அந்த இரவு என் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் என்னை உறுத்தியது வேறொரு கணக்கு. 2015 முதல் 2018 வரை உலகில் ஏற்றுமதியான பழைய கார்களும் வேன்களும் ஒரு கோடியே நாற்பது லட்சம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2020-இல் சொன்னது. அவற்றில் பெரும்பகுதி ஏழை, நடுத்தர நாடுகளுக்கே போயிற்று; எல்லாவற்றிலும் அதிகம் ஆப்பிரிக்காவுக்கு. தன் ஊரில் தேதி குறித்துவிட்டு, தேதி இல்லாத ஊரில் கொண்டு போய்த் தள்ளுவது! ஐரோப்பாவைக் குறை சொல்ல வாயெடுத்தேன். உடனே என் வேனும் அந்தக் காய்கறித் தம்பியும் கண்முன் வந்தார்கள்.

மறுநாள் அவர் வந்ததும், தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொன்னேன். "இந்த நாட்டில் இன்னும் தேதி இல்லை. வரலாம், வராமலும் போகலாம். வந்தால் இதை நீங்கள் விற்கும்போது இரும்பு விலைதான் கிடைக்கும். எட்டாயிரம் கொடுங்கள்" என்றேன்.

அவர் ஏழாயிரத்து ஐந்நூறு என்றார், சரி என்றேன். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கும்போது சிரித்தார். "2050 எல்லாம் இருக்கட்டும், பாய். நாளைக்கு ராத்திரி எண்ணெய் விலை ஏறுச்சுன்னா, அதை எனக்கு முன்னாடியே யார் சொல்லுவா?"

என்னிடம் பதில் இல்லை. கிளட்ச் மாற்றும் பட்டறைக்கு வழி சொல்லி அனுப்பினேன்.