பேராவது வீட்டில் இருக்கட்டும்

எங்கள் தெருவில் ஓர் அத்தை இருந்தார். கணவர் கடலுக்குப் போனவர், புயலில் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் 7 வருஷம் கழியாமல் இறந்தவராக எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த 7 வருஷமும் கழிந்தது. ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்துவிடலாமா என்று கடைக்காரர் கேட்டபோது, "இருக்கட்டும் தம்பி, பேராவது வீட்டுல இருக்கட்டும்" என்றார். பின்னால் வரிசையில் மண்ணெண்ணெய் டின்னோடு நின்றிருந்த சிறுவனான எனக்கு அந்தப் பதில் விளங்கவில்லை.

அது விளங்க முப்பது வருஷமும், தில்லிப் பயணம் ஒன்றும் ஆயின. பாலம் விமானப்படைத் தளத்தையொட்டிய அருங்காட்சியகத்தில் 'நாட்' ரகப் போர் விமானத்தை முதன்முதலாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எவ்வளவு சின்னது! நீளம் சுமார் 9 மீட்டர். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 7 மீட்டர்கூட இல்லை. விமானி உட்காரும் இடம் ஒரு ஆள் உடலைக் குறுக்கிக்கொண்டு நுழைகிற அளவுதான். பெயரே கொசுவைப் போன்ற ஒரு பூச்சியின் பெயர். இப்படியொன்றுக்குள் உட்கார்ந்துதான் விமானி நிர்மல் ஜித் சிங் சேகோன் போருக்குப் போனார் என்று நினைத்ததும் அங்கிருந்து நகர முடியவில்லை.

1971 டிசம்பர் 14. இந்திய-பாகிஸ்தான் போர் நடந்துகொண்டிருந்தது. பெஷாவரிலிருந்து வந்த பாகிஸ்தானின் 6 சேபர் போர் விமானங்கள் ஸ்ரீநகர் விமானதளத்தின் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. தயார்நிலையில் இருந்த இரண்டு நாட் விமானங்களில் முதலாவது மேலேறிவிட்டது. இரண்டாவதில் சேகோன். ஓடுபாதையில் குண்டு விழுகிற நேரத்தில் விமானத்தைக் கிளப்புவது சாவை எதிர்கொண்டு ஓடுவதுதான்; அவர் கிளப்பினார். புகையிலும் பனிமூட்டத்திலும் முன்னால் போன விமானத்தோடு சேர முடியாமல் தனியாளானார். தனியாகவே சண்டையிட்டு ஒரு சேபரைச் சுட்டார், இன்னொன்றைத் தீப்பற்ற வைத்தார் என்கிறது பின்னர் அவருக்குக் கிடைத்த விருதின் சான்றுரை. மற்ற விமானங்கள் சூழ்ந்துகொண்டன. தன் விமானம் அடிபட்டுவிட்டது என்று வயர்லெஸில் சொன்னார். அதன்பின் அவர் குரல் இல்லை.

சிதைந்த விமானம் ஸ்ரீநகரை ஒட்டிய மலைப்பள்ளத்தில் கிடைத்தது. மீண்டும் மீண்டும் தேடியும் உடல் கிடைக்கவில்லை. மணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அப்பாவும் விமானப்படையில் இருந்தவர். அந்தத் தகவலை ஒரு தகப்பன் எப்படி வாங்கியிருப்பார் என்பதை என்னால் எழுத முடியாது.

போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரில் விமானப்படையைச் சேர்ந்தவர் இவர் ஒருவரே. லூதியானாவில் சிலை இருக்கிறது. 2023-இல் அந்தமானில் 21 தீவுகளுக்கு அந்த 21 பேரின் பெயர்களைச் சூட்டினார்கள்; ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, செய்ய வேண்டியதுதான். ஆனாலும் மனம் ஒரு கேள்வியிலேயே நிற்கிறது. நாம் நினைவில் வைத்திருப்பது அந்தச் சில நிமிடங்களை மட்டும்தானே? அதற்கு முன்னால் இருபத்துச் சொச்சம் வருஷம் ஒருவர் வாழ்ந்தாரே, அது எங்கே போயிற்று? சகாக்கள் அவரை 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார்களாம். அந்த ஒரு சொல்லைப் படித்த பிறகுதான் அவர் எனக்கு மனிதரானார். நாலு பேர் கூடும் இடத்தில் தோளில் கைபோட்டுப் பேசுகிற ஒரு பஞ்சாபிப் பையன் கண்முன் வந்தான்.

நம் முன்னோர் இந்தக் கேள்வியை அறிந்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல்லில் எருமைகளைக் காத்து மடிந்த வீரனின் பெயரோடு நிறுத்திவிடவில்லை. அவனோடு நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். கருந்தேவக்கத்தி என்கிற அந்த வீரன் நாய் வளர்த்தவன், அதற்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டவன் என்பது ஆயிரத்து நானூறு வருஷம் கழித்து நமக்குத் தெரிகிறது. செத்தவனைப் பற்றி எழுதும்போது, அவன் உயிரோடு இருந்ததையும் அந்த ஊரார் மறக்காமல் எழுதினார்கள்.

அத்தை பேசுவதும் அப்படித்தான். புயலைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. "அவருக்குப் பழைய சோத்துக்குச் சுட்ட கருவாடு இருந்தா போதும், வேற ஒண்ணும் கேக்க மாட்டாரு" என்பார். கார்டில் அவர் காத்துவந்தது வெறும் நாலெழுத்து இல்லை என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுக் கூடத்திலோ, சொந்தக்காரர் வீட்டிலோ சீருடையில் நிற்கும் ஒரு பழைய படம் மாட்டியிருக்கலாம். அவரோடு பழகிய பெரியவர் ஒருவராவது இன்னும் இருப்பார். அவரிடம் போய் உட்காருங்கள். எந்தப் போர், எந்த இடம் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். என்ன சாப்பிடுவார், யாரை எப்படிக் கூப்பிடுவார், எதற்குச் சிரிப்பார் என்று முதலில் கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.