வழித்துணையின் அறம்

ஐரோப்பாவின் நெடுந்தூர இரவு ரயில்களில் முன்பின் அறியாத ஆறு பேர் ஒரு சிறு அறையில் எதிரெதிரே அமர்ந்து, இரவானதும் அங்கேயே மூன்றடுக்கு பெர்த்களில் உறங்குவது வழக்கம். அவர்களின் மொழியும் நாடும் சமயமும் வெவ்வேறாக இருக்கலாம். விடிந்தபின் அவரவர் ஊரில் இறங்கிவிடுவார்கள்; பெரும்பாலும் மறுபடி சந்திப்பதில்லை. இப்படி ஒருமுறை மட்டுமே வாய்க்கும் உறவில் மனிதருக்கு மனிதர் கடமைப்பட்டவரா என்பது அறவியலின் முக்கியமான கேள்வி. சுற்றத்தாருக்கும் அண்டை வீட்டாருக்கும் செய்யும் நன்மை என்றாவது திரும்பி வரலாம். செய்யத் தவறினால் பழியும் வரலாம். வழித்துணையிடம் இவ்விரண்டுக்கும் இடமில்லை.

ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908இல் வெளியிட்ட ‘சமூகவியல்’ நூலில் இதைத் தொடும் இரண்டு கருத்துகள் உள்ளன. ரயிலும் டிராமும் வருவதற்கு முன்பு, மனிதர்கள் ஒருவரையொருவர் பேசாமல் மணிக்கணக்கில் பார்த்தபடி இருக்க நேர்ந்ததில்லை என்பது ஒன்று. நெருங்கியவர்களிடம் மறைப்பதையும் மனிதர் அந்நியரிடம் மனம்விட்டுச் சொல்வதுண்டு என்பது மற்றொன்று. டால்ஸ்டாயின் ‘குரோய்ட்சர் சொனாட்டா’ குறுநாவலில் மனைவியைக் கொன்றவன் தன் கதை முழுவதையும் சொல்வது ரயிலில் உடன்வரும் ஒரு பயணியிடம்தான். கேட்பவர் சொல்பவரின் வாழ்வில் பங்காளி அல்லர். அதனாலேயே அவரிடம் சொல்ல முடிகிறது. அந்த நம்பிக்கையைக் காப்பது கேட்டவரின் கடமையாகிறது.

அந்நியர் மீதான கடமைக்குக் கிறிஸ்தவ மரபு இறைநம்பிக்கையை அடிப்படையாக்கியது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவற விதிகளின் 53ஆம் அதிகாரம், வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கப் பணிக்கிறது. செல்வர்மீது பிறருக்குள்ள அச்சமே அவர்களுக்கு மதிப்பைத் தேடித்தரும் என்பதால், ஏழைகளையும் திருத்தலப் பயணிகளையும் தனிக் கவனத்தோடு வரவேற்கச் சொல்கிறது.

தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் அந்நியரை ஏற்பதை உரிமையாக வகுத்தார். 1795இல் வெளியான ‘நிலைத்த அமைதி’ நூலில் அவர் தரும் காரணம் எளியது: பூமி உருண்டையானது, எல்லையுள்ளது, மனிதர்கள் முடிவின்றிச் சிதறிப்போக முடியாது, ஒருவரையொருவர் பொறுத்தே ஆகவேண்டும். ஆகவே அமைதியாக வரும் அந்நியரைப் பகைவராக நடத்தக் கூடாது. அவரைத் திருப்பி அனுப்பலாம். அதனால் அவருக்கு அழிவு நேரும் என்றால் அனுப்பக் கூடாது.

மற்றொரு தத்துவவாதி இமானுவேல் லெவினாஸ் 1961இல் வெளியிட்ட ‘முழுமையும் முடிவிலியும்’ நூலில் இன்னும் முன்னே செல்கிறார். எதிரே தோன்றும் முகமே கடமையை எழுப்பிவிடுகிறது. பெயரும் ஊரும் அதற்குப் பின்னரே.

இருக்கையைப் பகிர்வதும் பையைப் பார்த்துக்கொள்வதும் சிறு செயல்கள் என்பதால், பயண நட்பை மலிவான அறம் எனச் சொல்வதுண்டு. விலை கொடுக்க வேண்டிய இடத்தில்தான் இந்த அறம் சோதிக்கப்படுகிறது. 2015 செப்டம்பரில் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் புடாபெஸ்டின் கெலெட்டி நிலையத்தில் ரயிலேற விடாமல் தடுக்கப்பட்டார்கள். பின்னர் மியூனிக் நிலையம் வந்தடைந்தவர்களை ஊர்மக்கள் உணவோடு வரவேற்றார்கள். கான்ட் வரையறுத்த உரிமை அங்கே நேரடியாகக் கேள்விக்கு வந்தது.

கடமை பழக்கத்திலிருந்து பிறப்பதாக இருந்தால், வழித்துணைக்கு எதுவும் செய்யவேண்டியதில்லை. மனிதராக இருப்பதிலிருந்தே பிறக்கிறது என்றால், ஓரிரவுப் பயணத்திலும் அது முழுமையாகவே இருக்கிறது. பெனடிக்டும் கான்ட்டும் லெவினாஸும் வெவ்வேறு வழிகளில் வந்தடைவது இந்த இரண்டாவது முடிவையே.